மாடு செத்தால் ஒரு ஃபாரம், புல் எரிந்தால் ஒரு ஃபாரம்: டெக்சஸ் கிராமக் கவுண்டியில் பேரிடர் உதவிப் பணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சஸின் வடக்கு மூலையில், அமரில்லோ பக்கம், மாட்டுப் பண்ணைக்காரர்களுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. 2024 தீக்குப் பிறகு ஊரில் இருந்து சொந்தக்காரர்களும், இங்கேயே நிலம் வாங்கி ஆடு மாடு வளர்க்க ஆசைப்படும் தமிழ் நண்பர்களும் கேட்ட கேள்விகளையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எந்தத் தீ? என்னதான் நடந்தது?

ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீ. 2024 பிப்ரவரி 26 அன்று ஹட்சின்சன் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி), ஸ்டினெட் ஊர் அருகே பிடித்தது. அழுகிப்போன ஒரு மின்கம்பம் சாய்ந்ததில் தொடங்கியது என்று டெக்சஸ் சட்டமன்றத்தின் விசாரணைக் குழு பிறகு சொன்னது. குளிர்கால முடிவு, இடுப்பளவு காய்ந்த புல், பேய்க்காற்று. பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது, டெக்சஸ் வரலாற்றிலேயே பெரிய காட்டுத்தீ அதுதான். காட்டுத்தீ என்று சொன்னாலும் அங்கே காடு எதுவும் கிடையாது, கண்ணுக்கு எட்டிய வரை புல்வெளிதான். கிழக்கே ஹெம்ப்ஹில் கவுண்டிதான் நன்றாக அடி வாங்கியது. அதன் தலைநகர் கனேடியன் என்கிற சின்ன ஊர் (கனடா நாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கனேடியன் ஆறு என்று ஒன்று ஓடுகிறது). கவுண்டி முழுக்க மூவாயிரத்துச் சொச்சம் ஜனம், அதைவிடப் பல மடங்கு மாடு. ஏழாயிரத்துக்கு மேல் மாடுகள் செத்தன என்று கணக்கு வந்தது. விவசாய இழப்பு மட்டும் 12.3 கோடி டாலர் என்று டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் விவசாய விரிவாக்கப் பிரிவு முதல் கட்டமாக மதிப்பிட்டது. தீ பிடித்த மூன்றாம் நாள் பனி பெய்தது, தீயோடு போராடியவர்களுக்கு அது ஒரு மூச்சு. ஆனால் மிஞ்சிய மாட்டுக்கு அடுத்த வேளைக்குப் புல் எங்கே என்ற கேள்வி அன்றைக்கே வந்துவிட்டது.

பேரிடர்ப் பகுதி என்று அறிவித்தால்தானே பணம் வரும்?

இல்லை. எல்லோரும் தப்பாக நினைப்பது இதைத்தான். டிவியில் ஆளுநர் கையெழுத்துப் போடுகிறார், அதிபர் அறிவிக்கிறார், உடனே நம் ஆட்கள் "அப்ப பணம் வந்திரும்ல?" என்று போன் பண்ணுகிறார்கள். அதிபர் அறிவிப்பின் பின்னால் வருவது ஃபீமா, மத்திய அரசின் பேரிடர் முகமை. ஃபீமா பெரும்பாலும் வீடு, சாலை, பாலம் என்று பார்க்கும், செத்த மாட்டுக்கு அங்கே இடம் கிடையாது. விவசாயத் துறை அமைச்சர் தனியாக ஒரு கவுண்டியைப் பேரிடர்ப் பகுதி என்று குறிப்பார், அதன் முக்கியப் பலன் அவசரக் கடன். கடன் என்றால் கடன்தான், திருப்பிக் கட்டணும். மாடு செத்ததற்கும் புல் எரிந்ததற்கும் வேலி போனதற்கும் கிடைக்கிற பணத்துக்கு இந்த அறிவிப்பு எதுவும் தேவையில்லை. உங்கள் பண்ணையில் இழப்பு நடந்ததா, அந்த இழப்பு விதிக்குள் வருகிறதா, அவ்வளவுதான் கேள்வி.

அப்படியானால் யாரிடம் போகணும்?

அமெரிக்க வேளாண் துறையின் கீழ் எஃப்எஸ்ஏ என்று ஓர் அமைப்பு இருக்கிறது, பண்ணைச் சேவை முகமை. கவுண்டிக்கு ஒன்று, அல்லது இரண்டு மூன்று கவுண்டிக்குச் சேர்த்து ஒன்று என்று அலுவலகம் இருக்கும். நம்ம ஊர் தாலுகா ஆபீஸை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வரிசை இருக்காது. நாலைந்து பேர் வேலை பார்ப்பார்கள், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. விண்ணப்பத்தைப் பார்த்துச் சரி, இல்லை என்று முடிவெடுப்பதில் கவுண்டிக் கமிட்டிக்குப் பங்கு இருக்கிறது. அந்தக் கமிட்டியில் இருப்பவர்கள் அதே கவுண்டியின் விவசாயிகள், விவசாயிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள். அதாவது உங்கள் பக்கத்து நிலத்துக்காரர் உங்கள் மாட்டுக் கணக்கைப் பார்ப்பார். இதை நல்லது என்பவர்களும் உண்டு, கெட்டது என்பவர்களும் உண்டு. எனக்கு இது நல்லதாகவே படுகிறது. முப்பது மாடு வைத்திருந்தவர் எண்பது செத்தது என்று எழுதினால் வாஷிங்டனில் இருப்பவருக்குத் தெரியாது, பக்கத்து வேலிக்காரருக்குத் தெரியும்.

ஒரு மாட்டுக்கு எவ்வளவு கொடுப்பார்கள்?

இந்தத் திட்டத்துக்கு எல்ஐபி என்று பெயர், கால்நடை இழப்பீடு. மாடு, ஆடு, செம்மறி, பன்றி, கோழி எல்லாம் இதில் வரும். சராசரிச் சந்தை விலையில் 75 சதவீதம். ஆனால் அந்தச் சந்தை விலையை நீங்கள் சொல்ல முடியாது. ஒவ்வோர் ஆண்டும் வகை வாரியாக, கன்று என்றால் எடை வாரியாக, வேளாண் துறையே ஒரு பட்டியல் போடும். உங்கள் பசு பரம்பரை பரம்பரையாகப் பொறுக்கியெடுத்த ஆங்கஸ் இனமாக இருக்கலாம், ஏலத்தில் இரட்டை விலை போயிருக்கலாம், பட்டியலில் அது வெறும் "வளர்ந்த பசு".

இன்னொன்று, செத்த எல்லா மாட்டுக்கும் பணம் கிடையாது. தீயே வராவிட்டாலும் வருடத்தில் சில மாடு சாகத்தானே செய்யும், அந்த வழக்கமான சாவைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் பணம். ஒரு கற்பனைக் கணக்கு போடுகிறேன். 200 பசு, 60 செத்தது. வழக்கமான சாவு 2 சதவீதம் என்று வைத்தால் 4 போய்விடும், மீதி 56. பட்டியல் விலை 2,000 டாலர் என்று வைத்தால் அதில் முக்கால் பங்கு 1,500. ஆக 84,000 டாலர். செத்தது 1,20,000 டாலர் மாடு. அந்தப் பசுக்கள் அடுத்த ஐந்து வருடம் போட்டிருக்க வேண்டிய கன்றுகள் இந்தக் கணக்கில் எங்கேயும் வராது. கையில் காசு இருந்தாலும், அந்த நிலத்தின் தண்ணீரும் மேடு பள்ளமும் தெரிந்த மாட்டைச் சந்தையில் வாங்க முடியாது என்று இங்கே சொல்வார்கள், அது உண்மைதான்.

செத்தது என்னுடைய மாடுதான் என்று எப்படி நிரூபிப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

தீ போன மறுநாள் புல்வெளி எப்படி இருக்கும் தெரியுமா? கரி. வேலி மூலையில் மாடுகள் கும்பலாகக் கிடக்கும், ஓடி வந்து வேலியில் முட்டி நின்ற இடம் அது. காதில் போட்ட பிளாஸ்டிக் எண் அட்டை உருகி, எண் தெரியாது. சூட்டுக்குறி போட்ட தோல் வெந்திருக்கும். பிணம் ரொம்ப நாள் கிடக்கக் கூடாது, குழி தோண்டிப் புதைக்கணும் அல்லது வண்டி வந்து ஏற்றிப் போகணும். அந்த அவசரத்தில், அந்த மனநிலையில், யார் எண்ணிக்கொண்டு இருப்பார்கள்? ஆனால் எண்ணத்தான் வேண்டும். புதைக்கும் முன்னால் படம் எடுங்கள், போனில் தேதியும் இடமும் பதிவாகிற மாதிரி வைத்து எடுங்கள். தூரத்தில் இருந்து மொத்தமாக ஒன்று, பக்கத்தில் போய் ஒவ்வொன்றாக.

அதைவிட முக்கியம், தீக்கு முன்னால் எத்தனை மாடு இருந்தது என்கிற சான்று. செத்ததை நிரூபிப்பது பாதி வேலைதான், உயிரோடு இருந்ததை நிரூபிப்பது மீதிப் பாதி. வாங்கிய ரசீது, ஏலக்கூடத்துச் சீட்டு, தடுப்பூசி போட்ட மாட்டு மருத்துவரின் பில், பேங்கில் மாட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருந்தால் பேங்க்காரர் வந்து எண்ணிப்போன பட்டியல், வருமான வரிக் கணக்கு, இப்படி எது இருந்தாலும் கொண்டு போங்கள். எதுவும் இல்லை என்றால் இந்த இழப்பில் சம்பந்தமில்லாத வேறொருவர், நேரில் அறிந்தவர், எழுத்தில் சாட்சி சொல்லலாம், அதையும் அலுவலகம் பரிசீலிக்கும்.

என்னிடம் வருகிற ஒரு கிழவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்பு நோட்டு வைத்திருப்பார், உள்ளங்கை அளவு. எந்தப் பசு எந்தத் தேதியில் கன்று போட்டது, எது நொண்டுகிறது, எதை விற்றார், எல்லாம் பென்சிலில். வியர்வையில் பாதி அழிந்திருக்கும். அவர் விண்ணப்பம் ஒரே தடவையில் முடிந்தது. கம்ப்யூட்டரில் அழகாக அட்டவணை வைத்திருந்த இன்னொருவருடைய கம்ப்யூட்டர் வீட்டோடு சேர்ந்து எரிந்துவிட்டது, அவர் நாலு மாதம் அலைந்தார். இரண்டையும் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், பென்சிலில் எழுதுங்கள், அதைப் படமெடுத்து வேறு ஊரில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பி வையுங்கள்.

சாகவில்லை, ஆனால் குளம்பும் மடியும் வெந்துவிட்டது. அதற்கு?

வரும். காயத்தால் அடிமாட்டு விலைக்கு விற்க வேண்டி வந்தால், அந்த விலைக் குறைவுக்கும் எல்ஐபி-யில் இடம் இருக்கிறது. விற்ற சீட்டைத் தொலைக்காதீர்கள். தீயில் காயம்பட்டுச் சில வாரம் கழித்துச் செத்தாலும் குறித்த நாளுக்குள் என்றால் கணக்கில் சேரும், அதனால் முதல் பட்டியலைக் கொடுத்துவிட்டோமே என்று விட்டுவிடாமல் திரும்பப் போய்ச் சேர்க்கச் சொல்லுங்கள்.

எரிந்த புல்லுக்கு?

இங்கேதான் எழுத்துகள் குழப்பும். எல்எஃப்பி என்று ஒரு மேய்ச்சல் உதவித் திட்டம் இருக்கிறது, அது வறட்சிக்கு. தீக்கும் கொடுக்கும், ஆனால் எரிந்தது மத்திய அரசின் மேய்ச்சல் நிலமாக இருந்து, அதில் மாடு மேய்க்கக் கூடாது என்று தடுத்தால் மட்டும். நெவாடா, ஐடஹோ பக்கம் அரசு நிலம் அதிகம், அங்கே இது ஓடும். டெக்சஸின் இந்த மூலையில் ஏறக்குறைய எல்லாமே தனியார் நிலம். எனவே இங்கே எரிந்த புல்லுக்கு ஈலாப் என்கிற இன்னொரு திட்டம். களத்தில் அடுக்கி வைத்திருந்த காய்ந்த புல் உருளைகள் எரிந்து போனதும் அதே ஈலாப். தேனீப் பெட்டியும் வளர்ப்பு மீனும்கூட அதில்தான், மற்ற எதிலும் சேராததை எல்லாம் போட்டு வைக்கிற பரண் அது.

நான் பார்த்த வரை, மாட்டுக்கு விண்ணப்பித்துவிட்டுப் புல்லுக்கு விண்ணப்பிக்காமல் விட்டவர்கள்தான் அதிகம். "பேரிடர் ஃபாரம் கொடுத்துட்டேனே" என்பார்கள். அப்படி ஒரு ஃபாரமே கிடையாது. மாட்டுக்கு ஒன்று, புல்லுக்கு ஒன்று, வேலிக்கு ஒன்று.

வறட்சிக்கு எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்?

ஒரு வரைபடத்தை வைத்து. வேடிக்கையாக இருந்தாலும் உண்மை. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் இருக்கும் வறட்சி மையமும் மத்திய அரசுத் துறைகளும் சேர்ந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஒரு வறட்சி வரைபடம் வெளியிடும். மஞ்சளில் தொடங்கி கருஞ்சிவப்பு வரை நிறம். டி2 என்றால் கடும் வறட்சி, டி3 அதைவிடக் கடுமை, டி4 உச்சம். மேய்ச்சல் பருவத்தில் உங்கள் கவுண்டியின் ஏதாவது ஒரு பகுதி டி3 நிறத்துக்குள் ஒரு வாரம் வந்துவிட்டால் மூன்று மாதத் தீவனத் தொகை. டி3 நாலு வாரம் இருந்தாலோ, டி4 ஒரு தடவை எட்டிப் பார்த்தாலோ நாலு மாதம். டி4 நாலு வாரம் என்றால் ஐந்து. டி2-வுக்கு முன்பு தொடர்ந்து எட்டு வாரம் வேண்டியிருந்தது. 2025 ஜூலையில் வந்த சட்டம் அதைத் தளர்த்திவிட்டது, இப்போது தொடர்ந்து நாலு வாரத்துக்கு ஒரு மாதத் தொகை, எட்டில் ஏழு வாரம் என்றால் இரண்டு.

மாதத் தொகை என்றால் முழுத் தீவனச் செலவு என்று நினைக்க வேண்டாம், 60 சதவீதம். அதுவும் மாட்டு எண்ணிக்கைப்படி ஒரு கணக்கு, நிலம் எத்தனை மாட்டைத் தாங்கும் என்று ஒரு கணக்கு, இரண்டில் எது குறைவோ அது.

"ஏதாவது ஒரு பகுதி" என்பதைக் கவனித்தீர்களா? கவுண்டியின் ஒரு மூலையில் சிவப்பு தொட்டால் மொத்தக் கவுண்டிக்கும் பணம். கவுண்டி எல்லையில் ஓடும் ரோட்டுக்கு அந்தப் பக்கமே கோடு நின்றுவிட்டால், ஒரே மழையில் நனையாத இரண்டு பண்ணைகளில் ஒன்றுக்குக் கிடைக்கும், இன்னொன்றுக்குக் கிடைக்காது. அதனால்தான் வியாழக்கிழமை காலை தீவனக் கடைக் கவுன்டரில் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி இந்த வரைபடத்தைப் பார்க்கிறார்கள். வரைபடம் போடுகிறவர்கள் மழை அளவு, மண் ஈரம், ஓடைத் தண்ணீர் எல்லாம் பார்க்கிறார்கள், உள்ளூர்க்காரர்கள் நிலவரத்தைப் படத்தோடு எழுதி அனுப்பவும் வழி இருக்கிறது. காய்ந்த குட்டையைப் படமெடுத்து அனுப்புவது சும்மா புலம்பல் ஆகாது, அதைப் படிக்க ஆள் இருக்கிறது.

வறட்சியில் மாடு செத்தால் எல்ஐபி கிடைக்குமா?

கிடைக்காது. வறட்சி மெதுவாக வருவது, மாட்டை முன்கூட்டியே விற்றிருக்கலாமே என்பது அவர்கள் வாதம். வறட்சியோடு அடைப்பான் நோய் சேர்ந்து வந்தால் மட்டும் விதிவிலக்கு.

வேலிக்கு யார் கொடுப்பார்கள்?

ஈசிபி, அவசர நிலப் பாதுகாப்புத் திட்டம். முள்கம்பி வேலி மைலுக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டும், பெரிய பண்ணையில் ஐம்பது மைல் எரிந்தால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். அங்கீகரித்த செலவில் 75 சதவீதம் வரை அரசு தரும், புதிதாக விவசாயத்துக்கு வந்தவர்கள் போன்ற சில பிரிவினருக்கு 90 சதவீதம் வரை. ஒரு பேரிடருக்கு ஒருவருக்கு 5 லட்சம் டாலர் உச்சவரம்பு. வேலிக்கு மட்டும் நாலில் ஒரு பங்கை முன்பணமாகக் கேட்கலாம், ஆனால் 60 நாளுக்குள் செலவழிக்காவிட்டால் திருப்பித் தரணும்.

பொறி எங்கே இருக்கிறது என்றால், விண்ணப்பிக்கும் முன்னாலேயே வேலையைத் தொடங்கிவிட்டால் பணம் போய்விடலாம். மாடு ரோட்டில் நிற்கிறது, வேலி போடாமல் எப்படி இருப்பது என்று எவருக்கும் தோன்றும். முதலில் அலுவலகத்துக்கு ஒரு போன், அப்புறம் கம்பி. அந்த ஒரு போனைப் பண்ணாமல் வேலி போட்டுவிட்டு என்னிடம் வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்கள் உண்டு.

இன்சூரன்ஸ் இருந்தால் இதெல்லாம் எதற்கு?

மேய்ச்சல் நிலத்துக்கு பிஆர்எஃப் என்று ஒரு காப்பீடு இருக்கிறது, பிரீமியத்தில் பாதிக்கு மேல் அரசு கட்டும், டிசம்பர் 1-க்குள் எடுக்கணும். ஆனால் அது உங்கள் நிலத்தைப் பார்க்காது, வரைபடத்தில் உங்கள் நிலம் விழும் கட்டத்தில் பெய்த மழையை இரண்டிரண்டு மாதமாகப் பார்க்கும். மழை சராசரிக்குக் குறைந்தால் பணம், குறையாவிட்டால் இல்லை. புல் முழுக்கச் சாம்பலாகி, அந்த இரண்டு மாதம் மழை சராசரியாகப் பெய்திருந்தால் ஒரு டாலர்கூட வராது. காப்பீடு கிடைக்காத பயிர்களுக்கு நாப் என்று ஒன்று, ஒரு பயிருக்கு 325 டாலர் கட்டணம். பயிர் போன பிறகு போய் எடுக்க முடியாது, சொல்லத் தேவையில்லை.

பணம் எத்தனை நாளில் வரும்?

ஃபாரம் சரியாக இருந்தால் மாடு, புல் இரண்டுக்கும் சில மாதம். எல்ஐபி, ஈலாப் இரண்டுக்கும் இப்போது அடுத்த ஆண்டு மார்ச் 1 வரை அவகாசம் இருக்கிறது, ஆனால் அதை நம்பித் தள்ளிப் போடாதீர்கள், ஞாபகமும் எலும்பும் அதுவரை இருக்காது.

இதற்கு மேல், காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) அவ்வப்போது தனியாக ஒதுக்குகிற பணமும் உண்டு. 2023, 2024 இழப்புகளுக்கு என்று 2024 டிசம்பரில் சுமார் 2,100 கோடி டாலர் ஒதுக்கினார்கள், அதில் 200 கோடி வரை கால்நடைக்கு. எப்போது வரும், வருமா என்பதெல்லாம் அரசியல். இதில் மறக்க முடியாத உதாரணம் தெற்கு டகோடா. 2013 அக்டோபர் முதல் வாரம், அட்லஸ் என்று பெயர் வைத்த பனிப்புயல். மாடுகளுக்குக் குளிர்கால மயிர் வளரவில்லை, இன்னும் கோடை மேய்ச்சலில் நின்றன, முதலில் மழை நனைத்தது, அப்புறம் அடி அடியாகப் பனி. பல்லாயிரம் மாடு செத்தது. எல்ஐபி 2011-லேயே காலாவதியாகி இருந்தது, புதுச் சட்டம் நிறைவேறவில்லை. போதாக்குறைக்கு அந்த வாரம் செலவுக்கு ஒப்புதல் கிடைக்காமல் மத்திய அரசே இழுத்து மூடிக் கிடந்தது, எஃப்எஸ்ஏ அலுவலகத்தில் போன் எடுக்க ஆள் இல்லை. 2014 பிப்ரவரியில் சட்டம் வந்து, பழைய தேதியில் இருந்து கொடுப்போம் என்றார்கள், ஏப்ரலில்தான் விண்ணப்பமே வாங்கினார்கள். இடைப்பட்ட அந்த ஆறு மாதத்தில், எப்போது வரும் என்று தெரியாத பணத்துக்காகப் படமும் ரசீதும் பத்திரப்படுத்தி வைத்தவர்களுக்கு வேலை சுலபமாக முடிந்தது.

அரசு தவிர வேறு யாரும் உதவுவதில்லையா?

மாநிலத்தில் ஸ்டார் நிதி என்று ஒன்று உண்டு, டெக்சஸ் வேளாண் துறை நடத்துகிறது, பணம் முழுக்க நன்கொடை. அது போக, தீ அணைவதற்குள் மற்ற மாநிலங்களில் இருந்து லாரி லாரியாகப் புல் உருளைகள் வந்து இறங்கின. அரசாங்கப் பணம் வாங்கக் கூச்சப்பட்டு மாட்டேன் என்ற ஆட்கள்கூட அந்தப் புல்லை வாங்கிக்கொண்டார்கள், அடுத்த முறை நாங்கள் அனுப்புவோம் என்று கணக்கு.

பெரிய பண்ணைக்காரர்தான் எல்லாவற்றையும் அள்ளுகிறாரா?

ஓரளவு ஆமாம். மாடு அதிகம் வைத்திருப்பவருக்கு இழப்பும் அதிகம், பணமும் அதிகம். வறட்சி மேய்ச்சல் உதவிக்கு ஒருவருக்கு வருடம் 1,25,000 டாலர் உச்சவரம்பு இருக்கிறது, மாட்டுச் சாவுக்கான எல்ஐபி-க்கு 2018-இல் உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். மூன்று ஆண்டுச் சராசரி வருமானம் 9 லட்சம் டாலரைத் தாண்டினால் கிடையாது என்று ஒரு விதி உண்டு, அதிலும் வருமானத்தில் முக்கால்வாசி விவசாயத்தில் இருந்தே வருகிறவர்களுக்கு 2025 சட்டம் விலக்கு கொடுத்துவிட்டது. என் கவலை அதுவல்ல. பெரிய பண்ணைக்காரருக்கு என்னைப் போல ஒருவன் உட்கார்ந்து ஃபாரம் நிரப்புகிறான். நாற்பது மாடு வைத்துக்கொண்டு பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவருக்கு அந்த அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தில் போகவே முடிவதில்லை.

நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். டாலஸுக்கு வெளியே பத்து ஏக்கர் வாங்கி இருபது ஆடு விட்டிருக்கிறேன். எனக்கு?

இந்தக் கேள்வி மாதத்துக்கு ஒன்றாவது வருகிறது. குடிமகனாக இருக்கணும் அல்லது கிரீன் கார்டு இருக்கணும், எச்1பி போதாது. ஆடு எல்ஐபி-யில் சேரும், ஆனால் விற்பனைக்காக வளர்த்ததாக இருக்கணும், பிள்ளைகள் விளையாட வளர்த்தது சேராது. கிரீன் கார்டு கிடைத்ததும் முதல் வேலையாக எஃப்எஸ்ஏ அலுவலகம் போய் உங்கள் பண்ணைக்கு ஒரு எண் வாங்கிவிடுங்கள், இழப்பு வந்த பிறகு போய் நின்றால் அந்த எண் வாங்கவே வாரங்கள் ஓடும். குத்தகை நிலம் என்றால் குத்தகையை எழுத்தில் போடுங்கள், வாய் வார்த்தைக் குத்தகையை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இந்தப் பணத்துக்கு வரி உண்டா?

உண்டு. பண்ணை வருமானமாகச் சேர்த்துக் காட்டணும், ஜனவரியில் 1099-ஜி என்று ஒரு தாள் வீட்டுக்கு வரும். "மாடு செத்ததுக்கு வரியா?" என்று போனிலேயே கத்துகிறார்கள். கத்துங்கள், ஆனால் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடாமல் எனக்கு அனுப்பி வையுங்கள்.